அப்பாவின் கஞ்சி

அப்பாவின் சாவுக்கு நான் எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தேன். போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, செய்தித்தாளில் சுற்றி பீரோ மேல் வைத்தாயிற்று. ஐஸ் பெட்டிக்காரர், பந்தல்காரர், மாலைக்காரர் எல்லோர் நம்பரும் போனில் இருந்தன. அரியலூர் அத்தை வாராவாரம் கூப்பிட்டு, "மனசத் தயார் பண்ணிக்கம்மா" என்பார். "பண்ணியாச்சு அத்தை" என்பேன். அப்பாவுக்கும் தெரியும். ஒரு நாள் அந்தப் போட்டோவை எடுத்து வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "காது பெருசா இருக்கு" என்றார். இருக்கிற காதுதானே விழும் என்றேன்.

பக்கவாதம் வந்து தொண்டையில் எதுவும் இறங்காமல் போனதிலிருந்து அவருக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, இளஞ்சூட்டில் ஊற்ற வேண்டும். பெரம்பலூரில் ஓட்டலுக்குப் பஞ்சமில்லை. இதை மட்டும் எந்த ஓட்டலிலும் போடுவதில்லை.

ஆனால் போனது அப்பா இல்லை, பக்கத்து வீட்டு அக்கா. காலையில் பால் பாக்கெட் எடுக்க வந்தவர் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். ஒரு தலைவலி என்று படுத்தவர் இல்லை. அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டோடு எனக்குப் பேச்சு நின்று பல வருஷம். அவர்கள் மொட்டை மாடித் தண்ணீர் எங்கள் துவைக்கிற கல்லில் விழுந்தது. நான் கத்தினேன். நான் கத்தினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் யாரும் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். வழக்கமாக மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவார்கள், கஷ்டமில்லை. இந்த அக்காவின் மகன் துபாயில் இருக்கிறான். அவன் வந்து சேர மறுநாள் ஆகும் என்றார்கள். ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. அதே ஐஸ் பெட்டிக்காரர்தான்.

தெரு முழுக்க ஓட்டல் இட்லி வாங்கிச் சாப்பிட்டது. முந்தின நாள் காய்ச்சி மிச்சமிருந்த பாலையும் இளநீரையும் அப்பாவுக்குக் கொடுத்தேன். கரன்ட் அடுப்பில் நெருப்பே கிடையாதே என்று எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். மிக்ஸி சத்தத்தை என்ன செய்வது? சண்டைக்காரி வேண்டுமென்றே சமைத்தாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த அழுகைக்கு நடுவில் மிக்ஸி ஓடுவது எனக்கே சகிக்கவில்லை. அடுத்த தெருவில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். அங்கேயும் எல்லோரிடமும் சண்டை போட்டு முடித்திருந்தேன்.

மத்தியானம் தாண்டியதும் அப்பாவின் கை சில்லிட்டுவிட்டது. கண் சொருகியது. "பசிக்குதாப்பா?" என்றேன். "பரவால்ல. பாவம் அந்தப் பொண்ணு" என்றார். பற்ற வைத்தே விடுவது என்று லைட்டரை எடுத்தேன். அந்த வீட்டில் யாரோ ஓங்கி அழுதார்கள். வைத்துவிட்டேன்.

அப்போது கொல்லைக் கதவைத் தட்டுகிற சத்தம். அந்த வீட்டுக்காரர் நின்றார். தோளில் துண்டு, வீங்கின முகம்.

"டீச்சர், ஐயாவுக்குக் கஞ்சி குடுத்தீங்களா?"

"இல்லண்ணே. எடுக்கறதுக்கு முன்னாடி எப்படி..."

"தெனம் ஒங்க வூட்டு மிக்ஸி சத்தம் கேட்டாத்தான், ஐயா சாப்புடுறாருன்னுட்டு அவ சோத்துல கை வைப்பா. இன்னிக்கி எனக்கு என்னமோ கேக்கலயேன்னு இருந்துச்சு. அப்பறம்தான் ஒறச்சுது."

பேசாத வருஷங்களிலும் அந்த அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் நேரே உள்ளே வந்து, லைட்டரை எடுத்து, அடுப்பைப் பற்ற வைத்தார்.

"நானே பத்த வச்சேன்னு சொல்லிக்குங்க. எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அரிசி கொதி வரும்வரை நின்றார். அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்து, போர்வையை இழுத்துவிட்டு, "நான் போயி அவகிட்ட உக்காரணும்" என்று போய்விட்டார். அடுப்படியில் நின்று அழுதேன். இந்த அழுகையை நான் அப்பாவுக்கென்று வைத்திருந்தேன். மிக்ஸியைப் போட்டேன். கஞ்சி உள்ளே போகப் போக அப்பாவின் கையில் சூடு வந்தது.

பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் கை வைத்து, அக்காவிடம் சொன்னேன்.

"அப்பா சாப்பிட்டுட்டாருக்கா."