மாற்றிக் கட்டிய பூ

விமானத்தை இறக்கியதும் மகள் எனக்கு ஒரே ஒரு சொல் அனுப்புவாள்: "எறங்கியாச்சு." மூன்று வருடங்களாக அந்தச் சொல்லை நம்பித்தான் எங்கள் வீட்டில் பொழுது போகிறது. அவள் துணை விமானி. வடக்கே ஒரு நிறுவனத்தில், ஏழெட்டுப் பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய ஜெட் ஓட்டுகிறாள். வாடகைக் கார் மாதிரி அது வாடகை விமானம் என்று திருச்செங்கோட்டில் நான் விளக்கிச் சொல்லாத ஆள் இல்லை.

அன்று மதியம் பள்ளியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசை ஆசிரியை செய்தி ஓடிக்கொண்டிருந்த தன் போனை என் முன்னால் வைத்தார். சிறிய ஜெட் ஒன்று ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே தரையில் மோதி எரிந்துவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. வால் பகுதி மட்டும் கருகாமல் நின்றது. அதிலிருந்த நீலப் பட்டையை எனக்குத் தெரியும். அதே பட்டைக்குக் கீழே மகள் நின்று எடுத்துக்கொண்ட படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

அவள் போன் அணைந்திருந்தது. நான் இயற்பியல் ஆசிரியர். இறக்கைக்கு மேலேயும் கீழேயும் காற்றழுத்தம் எப்படி வேறுபடும் என்று வருடந்தோறும் கரும்பலகையில் வரைகிறவன். அன்று வகுப்புக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. மூன்று மணிக்குமேல் அந்தச் சொல் வந்தது. எறங்கியாச்சு. அவள் அந்த நேரத்தில் வேறொரு விமானத்தில், வேறொரு ஊருக்குப் பறந்துகொண்டிருந்திருக்கிறாள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷ அழுகை.

இறந்த துணை விமானி யார் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. மகளோடு ஒரே அறையில் தங்கிப் பயிற்சி பெற்ற பெண். ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் இருந்தவள். "அரிசிம்பருப்புச் சோத்துக்கு இன்னுங் கொஞ்சம் நெய்யூத்தச் சொல்லிக் கையக் காட்டுனா, பாவி மக," என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணிக்கு நான் அழுத சந்தோஷம், அந்தப் பெண்ணின் வீட்டில் இழவு விழுந்ததால் எனக்குக் கிடைத்தது. எத்தனை முறை முகம் கழுவினாலும் அது போகவில்லை.

ஊரில் ஒரு வாரம் வேறு பேச்சில்லை. டீக்கடையில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர், ராய்ப்பூரில் ஓடும் தன் வண்டியைப் பார்க்கப் போட்டிருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார். "ரெண்டு நாளானாலும் ரயில்லயே போயிக்கறனுங்க. நம்ம வண்டி நின்னு போச்சுன்னா ஓரங்கட்டி டயருக்குக் கல்லு வெச்சரலாம். மேல நின்னு போச்சுன்னா எங்கீங்க கல்லு வெக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாத்தியாரு இருக்கறத பாக்கலீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"நம்ம சேலம் ரோட்டுல சாவறவங்களவிட மேல சாவறவங்க கம்மிதானுங்க," என்றேன். எப்போதும் சொல்வதுதான். அன்று என் குரலை நானே நம்பவில்லை.

மகள் பத்து நாள் விடுப்பில் வந்தாள். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பாள். வேலையை விட்டுவிடு என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. நான்காம் நாள் மனைவி சொன்னாள்: "ஏனுங்க, அம்மங்கிட்ட இன்னொருக்காப் பூக்கேட்டரலாமுங்க."

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக்கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் செவ்வரளியை இன்னொரு தாளிலும் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். பிளஸ் டூ முடித்துவிட்டு விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்று மகள் நின்றபோதும் அப்படித்தான் கேட்டோம். மனைவிதான் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை வந்தது. அழுதுகொண்டே அந்தப் பூவை மகள் தலையில் வைத்துவிட்டாள்.

பூவை மடித்தவன் நான். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டைதான் வைத்தேன். ஒரு பெண்ணின் ஆசையை இரண்டு தாள் பொட்டலம் தீர்மானிப்பதா என்று நினைத்தேன். அறிவியல் படித்தவன் என்ற திமிர். எடுக்காத பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கோயில் கிணற்றில் எறிந்தேன். அம்மனை ஏமாற்றிவிட்டோம் என்று அப்போது பயப்படவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இந்த முறையும் மடித்துத் தரும் வேலை எனக்குத்தான் வந்தது. விடிந்ததும் கோயில் வேலியோரம் போய் அரளி பறித்தேன். வெள்ளை பறிக்கவே இல்லை. இரண்டிலும் சிவப்பை வைத்து மடித்தேன்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டாள் மகள். "வேண்டாம்மா. ஒருக்காக் கேட்ட வாக்க மறுக்காக் கேக்கக்கூடாதுன்னு நீதான சொல்லுவ."

"அது அப்பக் கேட்டது, சாமி. இப்பத்தான் இப்படி ஆயிப்போச்சே."

"அப்ப, அன்னைக்கிச் சொன்னது பொய்யா? அம்மன் பொய் சொல்லுமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன். பொட்டலங்கள் இரண்டும் என் சட்டைப் பையிலேயே இருக்க, பூக்கேட்காமலே திரும்பினோம்.

விடுப்பு முடிந்தது. ரயிலில்தான் போக வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். விமானம் ஓட்டப் போகிறவள் ரயிலில் போனாள். ரயிலேற ஈரோட்டு பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் நின்றபோது, மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் மகள் சொன்னாள்: "பயமாத்தாம்ப்பா இருக்குது. அம்மாகிட்டச் சொல்லீராதீங்க. இனிச் சீட்டுல உக்காந்தா அவ ஞாபகம் வரும். அப்பெல்லாம் அந்த வெள்ளைப் பூவ நெனச்சுக்குவேன். எனக்கு இருக்கற தைரியம் அது ஒண்ணுதான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஒருவேளை அவள் போகாமல் இருந்திருக்கலாம். சொல்லியும் போயிருந்தால், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் மேலே போயிருப்பாள். இரண்டில் எது என்று தெரியாமல் நின்றேன். பஸ் வந்துவிட்டது.

"அம்மன் சொன்னது பொய்யாவாதுல்லப்பா?"

"ஆவாது சாமி," என்றேன்.

"போயிட்டு வாரேம்ப்பா."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்தச் சொல் வந்துவிட்டது. முன்பெல்லாம் அது வந்தால் மூச்சு வரும். இப்போது அடுத்து எப்போது ஏறுவாள் என்ற எண்ணம்தான் வருகிறது. இன்று காலை பத்து மணிக்கு "ஏறறேம்ப்பா" என்று அனுப்பினாள். இதை எழுதும்போது பன்னிரண்டாகப் போகிறது. அடுப்படியிலிருந்து மனைவி மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள்.

"வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்ல."