கதவில் இல்லாத விரிசல்

எஞ்சினியர் ஆகலாம் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது ஒன்பதாம் வகுப்பில், கருகிப்போன ஒரு பம்பு மோட்டாரைப் பார்த்தபோது. ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் பள்ளிக்குத் திருப்பதியிலிருந்து ஒரு ட்ரஸ்டைச் சேர்ந்தவர்கள் வந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை எஞ்சினியரிங் பக்கம் இழுப்பதுதான் அவர்கள் வேலை. பேச வந்த பெண் மோட்டாரை மேஜைமேல் வைத்து, "இதை எரிச்சது நான்தான்" என்றார். எப்படி எரித்தார் என்பதைக் கால் மணி நேரம் விளக்கினார். மறுநாளும் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனாராம்.

எனக்கு அதுதான் புதுசு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நைனாவின் பவர்லூம் கொட்டாய். அங்கே எதையும் யாரும் உடைத்ததே கிடையாது. நாடா முறியும், பாவு அறுபடும், பெல்ட் கிழியும். எல்லாம் தானாகவே நடக்கும். "யாரு பண்ணது?" என்று நைனா கேட்டால், "நான் அந்தாண்ட நின்னுக்கினு இருந்தேன்" என்று வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம். உடைத்ததை ஒப்புக்கொண்டு, காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, சம்பளமும் வாங்குகிற தொழில் ஒன்று இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நடந்தது சுருக்கம்தான். ட்ரஸ்ட் நடத்திய லீவு வகுப்புகள், நுழைவுத் தேர்வு, திருப்பதியில் மெக்கானிக்கல் டிப்ளமா, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் அலுமினிய பாகங்களுக்குத் துளை போடும் மெஷினில் வேலை. திருப்பதியில் ரூம், தினமும் கம்பெனி பஸ். எங்கள் ரூமில் மற்ற இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பஸ்ஸில் மூவரும் தூங்குவோம்.

ட்ரஸ்டில் ஒரு வழக்கம். பழைய மாணவர்கள் பேச வரும்போது மெடல், சர்டிபிகேட் எதுவும் கொண்டுவரக் கூடாது. தான் கெடுத்த பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் என்னிடம் காட்ட எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் அவசரமாகவே இருந்தது.

கடைசியில் அதுவும் கிடைத்தது. புதிதாக ஒரு கிளாம்ப் மாட்டியிருந்தோம்; பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்கிற இரும்புத் துண்டு. பழையதைவிட உயரம். இப்படி எதையாவது மாற்றினால் டிரில்லைத் தூக்கி வைத்து, வெறும் காற்றில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் முடியப்போகிறது, நேரமில்லை என்று நான் ஓட்டவில்லை. டிரில் நேராகக் கிளாம்பில் போய் மோதி முறிந்தது. கிளாம்பில் ஒரு குழி. ரிப்போர்ட் எழுதினேன், கிளாம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை பாகாலாவில் கூட்டம். பத்தாவது முடித்த பிள்ளைகளும் பெற்றோரும். எனக்கு முன்னால் பேசியவர் வெடித்த பாய்லர் வால்வு ஒன்றைக் கொண்டுவந்து கைதட்டலை அள்ளிவிட்டார். என் கிளாம்ப் உள்ளங்கை அளவுதான். பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

முன்வரிசையில் ஒரு அம்மா இருந்தார். ஸ்டேஷன் வாசலில் டிபன் வண்டி போடுபவர். பக்கத்தில் மகள். பாலிடெக்னிக் தேர்வில் நல்ல ரேங்க் எடுத்து, காலேஜைத் தேர்ந்தெடுக்கும் வெப் ஆப்ஷனில் திருப்பதி மெக்கானிக்கலை முதலில் போட்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, இதுக்கு உன்னை வேலையை வுட்டுத் தூக்கலியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லம்மா. ரெண்டு நாள் சூப்பர்வைசர் மூஞ்சி குடுத்துப் பேசல, அவ்ளோதான்."

"தோசை தீஞ்சா எங்க வூட்டுக்காரரு ஒரு வாரம் பேசமாட்டாரு."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. "முறிஞ்ச துண்டு பறந்து வந்து மெஷின் கதவுக் கண்ணாடில பட்டு, கண்ணாடி விரிசல் வுட்டுடுச்சு. நான் ஒரு முழம் தள்ளி நின்னுக்கினு இருந்தேன்" என்றேன். பின்வரிசைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு முழமா?" என்றார் அம்மா.

"ஒரு முழம்தான்."

அவர் மகளைப் பார்த்தார்.

விரிசல் எதுவும் விடவில்லை. துண்டு கதவில் 'டொக்' என்று பட்டு உள்ளேயே விழுந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இப்படித் தடுப்பதற்குத்தான் அந்தக் கதவே. அது மூடாமல் மெஷின் ஓடாது.

வியாழக்கிழமை அந்த அம்மாவின் மகள் போன் செய்தாள். "அக்கா, ஆப்ஷன்லேருந்து மெக்கானிக்கலை எடுத்துடச் சொல்றாங்க அம்மா. இங்கேயே இன்டர் சேரணுமாம். கண்ணு போய்ட்டா யாரு கட்டுவாங்கன்னு அழுவுறாங்க." இன்டர் என்றால் எங்கள் பக்கம் பிளஸ் டூ.

"நான் அம்மாகிட்ட பேசறேன்."

"நீங்க பேசித்தான் அக்கா இப்டி ஆச்சு."

ட்ரஸ்டில் எங்களைப் பார்த்துக்கொள்கிற மேடத்திடம் ஒளிக்காமல் சொன்னேன். "கெடுத்த பொருளைக் கொண்டு போடின்னா, போன இடத்துல இன்னொண்ணைக் கெடுத்துட்டு வந்திருக்கே" என்றார். தான் போய்ப் பேச முடியாது, நானேதான் போக வேண்டும் என்றும் சொன்னார்.

ஆப்ஷனை மாற்ற திங்கள் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. பட்டறைக்குள் எங்களுக்குப் போன் அனுமதி இல்லாததால், கதவைப் படம் எடுத்து அனுப்பும்படி சூப்பர்வைசரைக் கேட்டேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன். மறுபடியும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் படம் வந்துவிட்டது. பழைய கதவை மாற்றிவிட்டுப் புதிதைக் காட்டுகிறாய் என்று அந்த அம்மா சொல்லலாம். வேலையை விட்டுத் தூக்கவில்லை என்றதும் அளப்புதானா என்றும் கேட்கலாம்.

ஞாயிறு காலை ரயிலில் பாகாலா போகிறேன். அந்த அம்மாவின் டிபன் வண்டியில் கூட்டம் அடங்கப் பத்து மணி ஆகுமாம். அதுவரை ஸ்டேஷனில் காத்திருக்கலாம். கண்ணாடி விரிசல் விடவில்லை, நான்தான் கூட்டிச் சொன்னேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கதவு எதற்கு இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு, அவர் கேட்டால் மட்டும்.