அரைக் கிலோ மாவும் லைசோசோமும்

“அந்தப் பை உடைஞ்சா என்ன ஆவும், சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டுவிட்டு, மாவுக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக்கொள்வார் அம்சம். பதில் சொன்னால்தான் மாவு நம் பாத்திரத்தில் விழும்.

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் நாலு பேர் இட்லி மாவு விற்கிறார்கள். லைசோசோமையும் சேர்த்துக் கொடுப்பவர் அம்சம் ஒருவர்தான். குடிவந்த முதல் வாரம் அரைக் கிலோ மாவுக்குப் போன நான், பள்ளிக்கூடத்தில் புரியாமல் போன உயிரியலையும் வாங்கிக்கொண்டு இருபது நிமிடம் கழித்துத் திரும்பினேன். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மாவுக் கையால் மேடையில் ஒரு வட்டம் போடுவார். அது செல். உள்ளே நாலைந்து பொட்டு வைப்பார். அவை லைசோசோம். “சின்னச் சின்னப் பைங்க. உள்ள புளிப்பு இருக்கும், என்சைம் இருக்கும். செல்லுல பழசானது, பழுதானது, வெளியேருந்து வந்த கிருமி, எல்லாம் அதுக்குள்ளதான் போவும். கரைச்சு, உதவுறதைத் திரும்ப வெளிய அனுப்பிடும். ஒண்ணும் வீணாப் போவாது.” பை உடைந்தால்? “ஒண்ணு ரெண்டு உடைஞ்சா பயமில்ல. அந்த என்சைமுக்குப் புளிப்பு வேணும். வெளிய வந்தா அதோட வேகம் அடங்கிடும். எப்படி அமைஞ்சிருக்கு பாருங்க!” என்று, ஏதோ தானே செய்து வைத்தது போலப் பூரித்துப் போவார்.

படித்தது எட்டாவது. வெந்தயம் போடுவதில் படு கஞ்சம். ஆனால் பழைய மாவைப் புதிது என்று சொல்லி விற்றதே இல்லை. “நேத்தைய மாவு. ஊத்தப்பத்துக்கு ஆவும், இட்லிக்கு வேணாம்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

இந்த அம்மாவுக்கு லைசோசோம் வந்து சேர்ந்தது மகள் குந்தவையால். ஐந்து வயதில் அவளுக்கு வயிறு முன்னால் தள்ளத் தொடங்கியது. முகம் வெளுத்தது. மாவு அரைக்கிற வீடு, அண்டா அண்டாவாக அரிசி ஊறும். ‘பிள்ளை ஊற வச்ச அரிசியைத் திங்குது, அதான் சோகை’ என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. அம்சமும் நம்பினார். அண்டாவை மூடி, மேலே குழவிக்கல்லை ஏற்றினார். ஒருநாள் மூட மறந்தபோது அரிசிக்குள் கை விட்ட மகளின் புறங்கையில் கரண்டியால் ஒன்று வைத்தார்.

“அது திங்கறதுக்கு எடுக்கலீங்க. விளையாட்டுக்கு அளைஞ்சிது. லேசாத்தான் தட்டுனேன். மறுநாள் கை முழுக்க நீலம்.” இதைச் சொல்லும்போது கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

அந்த நீலத்தைப் பார்த்துப் பயந்துதான் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் மதுவந்தி ரத்தப் பரிசோதனை செய்து விஷயத்தைச் சொன்னார். அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குந்தவையின் லைசோசோம்களில் ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவு. ஒருவகைக் கொழுப்பு கரையாமல் தேங்கி மண்ணீரல் வீங்கிவிட்டது; அதனால்தான் சோகையும், பிளேட்லெட் குறைந்து லேசான தட்டுக்கே நீலமும். கோஷே நோய் என்று பெயர். இல்லாத என்சைமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியே ஏற்றலாம், அரசு உதவியில் கிடைக்கும். ஆனால் அடிபட்டால் மண்ணீரல் கிழிந்துவிடும், ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. ஒரு வருடத்தில் சுருங்காவிட்டால் அறுவை செய்து எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்றிலிருந்து ஒன்றுவிட்ட செவ்வாய்தோறும் கடைக் கதவில் ‘இன்று என்சைம், மாவு இல்லை’ என்று சாக்கட்டியில் எழுதியிருக்கும். பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் மற்றப் பிள்ளைகளின் செருப்புக்குக் காவல் இருப்பது குந்தவையின் வேலை. அம்சம் மாவோடு பாடம் நடத்தத் தொடங்கியதும் அப்போதுதான். “இன்னொரு வீட்ல ஒரு பிள்ளை அரிசிக்காக அடி வாங்கக்கூடாதுங்க.” எரிச்சல்பட்டதற்காக நான் வெட்கப்பட்டேன்.

போன செவ்வாய் வருட முடிவு ஸ்கேன். துணைக்கு நானும் போனேன். டாக்டர் படத்தைப் பார்த்தார், பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பாதிக்கு மேல சுருங்கிடுச்சும்மா. பிளேட்லெட்டும் நல்லா ஏறியிருக்கு.”

“ஆபரேஷன்?”

“வேண்டாம். மருந்து மட்டும் தொடர்ந்து ஏத்தணும்.”

குந்தவை தலையை நீட்டினாள். “நான் ஓடலாமா டாக்டர்?”

“தாராளமா ஓடு. யார் மேலயும் மோதிக்காம ஓடு.”

வெளியே பெஞ்சில் காத்திருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அம்சம் “ஜெயிச்சாச்சுங்க! ஜெயிச்சாச்சு!” என்று சொல்லிக்கொண்டே போனார். என்ன, ஏது என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது, தட்டியும் விட்டேன்.

திரும்பும்போது ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே அம்சம் மகளோடு பேருந்தை விட்டு இறங்கிவிட்டார். “வீடு இன்னும் தூரம் இருக்கே” என்றேன். குடமுருட்டி ஆற்றங்கரைச் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை, வெயில் தாழ்ந்திருந்தது. ஸ்கேன் உறையை என் கையில் திணித்தார். கால் கட்டைவிரலால் மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில், கோட்டில் ஒரு காலை வைத்து நின்றார்.