ரப்பரா ஸ்பிரிங்கா: ஒரு ஜோடி ஃபின்னோடு குடிபாலாவிலிருந்து திருப்பதி வரை

கடலே இல்லாத ஊருக்கு நீச்சல் ஃபின் எடுத்துக்கொண்டு போனவள் நானாகத்தான் இருப்பேன். 2010 டிசம்பர், ஒரு சனி, ஞாயிறு. பெரியப்பா மகன் செல்வம் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ட்ரேட் டெஸ்ட் இருந்தது. வளைகுடா வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன் தொழில் தெரியுமா என்று பார்க்கும் சோதனை. அண்ணனின் தொழில், துறைமுகத்தில் கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் தண்ணீருக்குள் இறங்கிச் சுரண்டுவது. பதினோரு வருடம் செய்தவர். கொத்தனாருக்குக் கையாளாகப் போனவர் எப்படி டைவர் ஆனார் என்பது தனிக்கதை. நான் ஸ்கூபா கற்றுக்கொண்டதே அவர் லீவில் வரும்போதெல்லாம் சொன்ன கதைகளால்தான்.

அதற்கு முந்தைய வருடம் படகில் கயிறு இறுகி அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. வேலூரில் இரண்டு ஆபரேஷன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பித்தன. மற்ற மூன்றும் மடங்காது. நவம்பர் கடைசியில் போன் செய்தார்.

"வனிதா, டெஸ்ட்ல எல்லாத்தையும் நானே போட்டுக்கணுமாம். மத்ததெல்லாம் எப்படியோ போட்டுக்கிறேன். இந்த ஃபின்னு ஸ்ட்ராப்ப மட்டும் இழுக்க முடியல. ஏதோ ஸ்பிரிங்கு வச்சது வந்துகீதாமே?"

சென்னையில் நான் டைவிங் சாமான் வாங்கும் கடையில் ஒரு ஜோடி ஸ்பிரிங் ஸ்ட்ராப் 2,200 ரூபாய். ரப்பர் 550. ஃபின்னைக் குதிகாலோடு பிடித்து வைக்கும் பட்டைதான் ஸ்ட்ராப். இரண்டையும் வாங்கினேன். அவருடைய பழைய ரப்பர் உப்பிலும் வெயிலிலும் காய்ந்து விரிசல் விட்டிருந்ததாகச் சொல்லியிருந்தார். புது ரப்பர் வழுவழுப்பாக இருந்தால் ஒருவேளை அவரால் இழுக்க முடியலாம் என்று ஒரு நப்பாசை. ஊரில் என்ன ஃபின் வைத்திருக்கிறாரோ, இந்தப் பட்டை அதில் மாட்டுமோ என்று என்னுடையதையும் தூக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டில் பஸ். வேலூருக்கு மூன்று மணி நேரம், 58 ரூபாய். பையிலிருந்து ஃபின் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெரியவர், "இது மம்பட்டியாம்மா?" என்று கேட்டார். காலில் மாட்டிக்கொண்டு நீந்துவது என்றேன். "வேலூர்லயா?" என்றார். அதற்கு மேல் நானும் விளக்கவில்லை. வேலூரில் சித்தூர் பஸ் மாறி, முக்கால் மணி நேரத்தில் குடிபாலா. 15 ரூபாய். (சென்னையிலிருந்து வருபவர்கள் முதலில் திருப்பதி போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டாம். இதுதான் குறுக்கு வழி.)

அண்ணி கஸ்தூரி எலுமிச்சை சாதம் கட்டி வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு மூவரும் அரை கிலோமீட்டர் நடந்து, பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றுக்குப் போனோம். உள்ளே இறங்கக் கல்படி உள்ள பெரிய கிணறு. மழை பெய்திருந்ததால் பதினைந்தாவது படியிலேயே தண்ணீர். காற்று சிலிண்டர் எதுவும் கிடையாது, ஃபின் மட்டும்தான். இருந்தாலும் அவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே வேப்பமரத்தில் கட்டினேன்.

முதலில் புது ரப்பர். படியில் உட்கார்ந்து காலை நுழைத்தார். இடது கையால் பட்டையைக் குதிகாலுக்கு மேல் ஏற்றினார். அதுவரை சரி. பிறகு இரண்டு பக்கமும் நுனியைப் பிடித்து இழுத்து இறுக்க வேண்டும். இடது பக்கம் ஏறியது. வலது பக்கம் இரண்டு விரல் இடுக்கிலிருந்து வழுக்கி வழுக்கிப் போனது. பல்லால் இழுக்கலாமா என்று குனிந்தும் பார்த்தார். ஒரு காலுக்கு நான்கு நிமிடம் ஆனது. நெற்றியில் வியர்வை. நான் கைகொடுக்கப் போனேன். "வுடு, வுடு. அங்க நீயா வரப்போற?" என்றார்.

அடுத்து ஸ்பிரிங். ரப்பரைக் கழற்றி அதை மாட்டிக்கொடுத்தேன். பின்னால் ஒரு வளையம் உண்டு. அதற்குள் இடது கட்டைவிரலை விட்டு ஒரே இழுப்பு, குதிகாலில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு காலுக்கும் சேர்த்துப் பத்து விநாடி ஆகியிருக்காது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அப்படியே தண்ணீரில் குதித்தார். இரண்டாவது உதையிலேயே ஒரு ஃபின் கழன்று போனது. வெறுங்காலில் மாட்டியதால் ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்திருக்கிறது. ரப்பராயிருந்தால் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஸ்பிரிங்குக்கு ஒரே அளவுதான். வீட்டுக்கு ஓடிப்போய் அவருடைய டைவிங் பூட்ஸை எடுத்து வந்தேன். பூட்ஸோடு போட்டதும் கச்சிதம். அரை மணி நேரம் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நீந்தினார். தண்ணீருக்குள் அந்தக் கை தெரியவே இல்லை. பழைய செல்வம் அண்ணன்தான்.

மேலே நின்றிருந்த அண்ணி மெல்லக் கேட்டார். "இத்த போட்டுக்கினா, கை இப்படிகீதுன்னு அவங்களுக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது அண்ணி," என்றேன் பெருமையாக.

"அதான் எனக்குப் பயமா இருக்குது. இங்க தெரியாம போயிடும். அங்க, தண்ணிக்கு அடியில இன்னா ஆவும்?"

உதவி என்று நினைத்து நான் வாங்கி வந்தது மறைக்கவும் உதவும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் படியேறி வந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு அண்ணனும் நானும் கிளம்பினோம். சித்தூருக்கு 12 ரூபாய். அங்கிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 42 ரூபாய். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் சித்தூர் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. வழியெல்லாம் அண்ணன் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார்.

டெஸ்ட் ஒரு தனியார் நீச்சல் குளத்தில். ஏழு பேர் வந்திருந்தார்கள். சோதிப்பவர் விசாகப்பட்டினத்துக்காரர், தெலுங்கில்தான் பேசினார். அண்ணன் மூன்றாவது ஆள். வெயிட் பெல்ட், மாஸ்க், கடைசியாக ஃபின். மற்றவர்கள் பக்கிளோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"பாகுந்தி!" என்று பாராட்டினார் அந்த மனிதர். "ஸ்பிரிங்கா? கம்பெனி ரப்பர்தானே குடுக்கும். இது எதுக்கு?"

ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாம். சுலபமாயிருக்கு சார் என்றால் போதும். அண்ணன் அவரை நேராகப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டிக் காட்டினார். "இதுக்கு சார். மூணு வேலு, விரலு, மடங்காது," என்றார், தெலுங்கும் தமிழும் கலந்து.

சோதிப்பவர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு கயிற்றைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். இரண்டு தடவை நழுவியது. "கீழே உன் ஜோடிக்கு ஏதாவது ஆச்சுன்னா அவன இழுத்துக்கினு மேல வருவியா?" என்று கேட்டார். அண்ணன், "வர முடியாது சார்," என்றார்.

அவர் திட்டவில்லை. டைவராக எடுக்க முடியாது, ஆனால் படகில் நின்று கீழே இருப்பவர்களின் காற்றுக் குழாயைப் பார்த்துக்கொள்ள அனுபவசாலி ஒருவர் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அண்ணன்.

வெளியே வந்து அண்ணிக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"துன்னியான்னு கேட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு மெஸ்ஸில் நாற்பது ரூபாய்க்கு ஆந்திரா சாப்பாடு. மூன்று தடவை சாதம் வாங்கினார். பாதியில், "பதினோரு வருஷம் அடியிலயே இருந்துட்டேன். இனிமே வெயில்ல நிக்கணும்," என்றார். பருப்புப் பொடியை அவர் பக்கம் தள்ளினேன். சாயங்கால ரயிலில் நான் சென்னை திரும்பினேன், 55 ரூபாய்.

பிப்ரவரியில் அவர் வளைகுடாவுக்குப் போய் அந்தப் படகு வேலையில் சேர்ந்தார். குழாயைப் பிடித்திருக்கும்போது கீழே இருப்பவன் மூச்சு வாங்குவது கையிலேயே தெரிகிறதாம். முதல் மாதம் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம், இப்போது பரவாயில்லை என்கிறார்.

உங்களுக்கு எது சரி? வருடத்துக்கு இரண்டு முறை டைவ் செய்பவர்களுக்கு ரப்பரே போதும். விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும், பலபேர் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பையில் ஒரு உபரிப் பட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அறுந்தால் படகில் கடை கிடையாது. அடிக்கடி இறங்குபவர்கள், குனிய முடியாதவர்கள், கையில் பிடிமானம் குறைந்தவர்கள் கூசாமல் ஸ்பிரிங் வாங்குங்கள். உங்கள் ஃபின்னில் அது மாட்டுமா என்று முதலில் பாருங்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள்.

கடைக்காரர் உங்கள் கால் அளவை மட்டும்தான் கேட்பார். கை எப்படி இருக்கிறது என்பதை நீங்களாகத்தான் சொல்ல வேண்டும். கடையில் மட்டுமல்ல, உங்களோடு தண்ணீரில் இறங்கப்போகிறவரிடமும்.