மன்னிப்புக் கேட்காத ஒச்சம்மாள்

விளாங்குடியில் பேருந்துக்காக நின்றபோது கைபேசி ஒலித்தது. கோச்சடையில் இருக்கும் ஒச்சம்மாள் அக்காவின் தம்பி பேசினார். "அக்கா போயிருச்சும்மா." புற்றுநோய் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனாலும் வந்த பேருந்தில் ஏற என்னால் முடியவில்லை. அங்கேயே நின்று, எங்களோடு பறந்த தோழிகளான உங்கள் ஒவ்வொருவரையும் அழைத்தேன். நீங்கள் எல்லோரும் நம்பாமல்தான் கேட்டீர்கள்: "யாரு, நம்ம அக்காவா?"

உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் கடலை பறித்து வளர்ந்தவர் அவர். தொண்ணூறுகளில் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் பணிப்பெண்களாகச் சேர்ந்தோம். பயிற்சியின் முதல் வாரத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார் அதிகாரி. "ஒச்சம்மாள்னா பயணிகளுக்கு வாயில நுழையாதேம்மா?"

"எங்க குலசாமி பேரு சார். பசிச்சா தன்னால நுழையும்."

சீருடையில் குத்தும் பெயர்ப்பட்டையில் ஒச்சம்மாள் என்றுதான் கடைசிவரை இருந்தது.

ஊரிலும் பேச்சுக்குக் குறைவில்லை. சோத்துத் தட்டு எடுக்க வானத்துக்கா போகணும் என்று அவருடைய தாய்மாமன் சந்தையில் வைத்தே கேலி செய்தாராம். "தட்டும் எடுப்பேன் மாமா. ஆபத்துன்னா ஆளையும் தூக்கி வெளிய போடுவேன். அதுக்குத்தான் அம்புட்டுப் படிப்பு" என்று சொல்லிவிட்டு வந்ததாக அக்கா சொல்வார்.

அதைச் செய்யவும் வேண்டி வந்தது. ஒரு பிற்பகல், மதுரையில் தரையிறங்கி ஓடுபாதையில் நின்ற விமானத்தின் பின்பகுதியில் புகை கிளம்பியது. எல்லோரையும் உடனே வெளியேற்றச் சொல்லி விமானி உத்தரவிட்டார். நாங்கள் இருவரும் முன்கதவைத் திறந்து, ஆட்கள் சறுக்கி இறங்கும் காற்றுப்பையை விரித்தோம். கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தை விட்டுவிட்டு அக்கா கத்தினார்: "எந்திரி! பையப் போடு! ஓடியா! குதி!"

முன்வரிசையில் ஒரு பெரிய தொழிலதிபர் வழியை மறித்து நின்று மேலேயிருந்த பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் இருமிக்கொண்டு நின்றார்கள். அக்கா பெட்டியைப் பிடுங்கி இருக்கையில் எறிந்தார். முதுகில் கைவைத்து அவரை ஒரே தள்ளாகத் தள்ளினார். வழி திறந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மூக்கெல்லாம் கரியாகக் கடைசியில் இறங்கியவர் அக்கா.

ஒரு வாரத்துக்குள் தொழிலதிபரின் புகார் வந்தது. தன்னைத் தள்ளிவிட்டாள், ஒருமையில் பேசினாள். மன்னிப்புக் கேட்டால் வேலை, இல்லையென்றால் இல்லை என்றது நிர்வாகம்.

"எந்திரிங்கன்னு சொல்ல நேரமில்ல சார். உசுரோட வந்து புகார் சொல்றாருல்ல, அது போதும்" என்றார் அக்கா.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மாதங்கள் போயின. "ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயேன்டி" என்று அவருடைய அம்மா என் எதிரிலேயே அழுதார். அக்கா அசையவில்லை. "நான் கேட்டா, அடுத்த தடவ எவம்மா தைரியமாத் தள்ளுவா?"

சென்னைத் தலைமை அலுவலகத்தில் விசாரணை நடந்த அன்று, யாரும் அழைக்காமலே ஒரு தம்பதி ரயிலேறி வந்தார்கள். மதுரையில் அத்தர்க் கடை வைத்திருந்த பாயும் அவர் மனைவியும். தொழிலதிபருக்கு நேர் பின்னால் நின்றவர்கள். அந்த அம்மாள் அதிகாரிகளிடம் சொன்னார்: "என்னையும் குதின்னுதான் சொல்லுச்சு. மரியாதையாப் பேசிக்கிட்டு நின்னுருந்தா நாங்க அங்கயே மௌத்தாயிருப்போம். அல்லா அந்தப் புள்ளைக்கு ஆயுசக் குடுக்கட்டும்."

அக்கா மன்னிப்புக் கேட்காமலே மறுபடி பறந்தார். தலைமைப் பணிப்பெண் பதவியை மட்டும் நிர்வாகம் கடைசிவரை தரவில்லை. தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கீழே, தலை குனியாமல் வேலை பார்த்தார்.

போன மாதம் மருத்துவமனையில் பார்த்தேன். முடியெல்லாம் கொட்டியிருந்தது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்மா, நோவு தெரியாது" என்றார். அக்கா அவரை உற்றுப் பார்த்தார். "இம்புட்டு வருசம் சம்பளத்துக்குச் சிரிச்சாச்சுண்ணே. இனி எனக்குத் தோணுனாத்தான் சிரிப்பேன்."

தோழிகளே, அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, யாருக்காகவும் சிரிக்க மறுத்த அந்த முகத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.