பேண்டேஜ் சுற்றிய இரண்டு நிமிடம்

கல்லூரியில் கடைசி வருஷம் எங்களுக்குக் கொடுத்த வேலை மிகச் சின்னது. ஒரு அறிவியல் புனைவு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். முழுப்படம் வேண்டாம், தொடக்கம் போதும் என்று எங்களுக்கு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) எடுத்த சார் தெளிவாகத்தான் சொன்னார். நான் அந்த இரண்டு நிமிடத்துக்கு நாற்பது பக்கம் எழுதினேன்.

நூறு வருஷம் கழித்து வெயில் விஷமாகிவிடுகிறது. மனிதர்கள் உடம்பெல்லாம் மருந்துத்துணி சுற்றிக்கொண்டு வாழ்கிறார்கள். ஒருவன் ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பித்து வெளியே ஓடிவருகிறான். அந்த உலகத்தில் தபால் எப்படிப் போகும் என்பதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அவன் எதற்காக ஓடுகிறான் என்பது நாற்பது பக்கத்திலும் இல்லை.

இந்தக் கதை கனவில் வந்தது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது ராஜபாளையத்தில் எங்களுக்குச் சும்மா கிடைத்த ஒரு பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வந்தது. எங்கள் குழுவில் கேமரா பிடித்த பெண்ணின் மாமா அதை நடத்தினார். பின்கட்டில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வெளுத்த காஸ் துணியைக் கொடி கொடியாகக் காயப் போட்டிருப்பார்கள். காற்றில் அது ஆடும்போது ஆயிரம் வெள்ளைக் கதவு திறந்து மூடுவதுபோல இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் வெயில் விஷமானது.

குழுவில் மூன்றே பேர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான். தொப்பி ஒன்று வாங்கியிருந்ததால் டைரக்டர். ராஜபாளையத்துப் பெண்ணிடம் சொந்தக் கேமரா இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுவாள், எங்களைத் திட்டும்போது சுத்தத் தமிழ். மூன்றாவது ஆள் வன்னியம்பட்டி நண்பன். நடிக்கச் சம்மதித்த ஒரே ஆள் என்பதால் கதாநாயகன்.

படப்பிடிப்பு அன்று காலையில் நான் போட்ட முதல் சட்டம், செட்டில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்பது. மொத்தமே மூன்று பேர் இருக்கிற இடத்தை நான்தான் செட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று போன்களையும் அணைத்து ஒரு பையில் போட்டு, பையை மாமாவின் அலுவலக மேஜைக்கு அடியில் வைத்தேன்.

நண்பனுக்குத் தலையிலிருந்து இடுப்புவரை துணி சுற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு கண்ணும் வாயும் மட்டும் தெரியும். நெற்றியில் ரோஸ் சிரப்பை ஊற்றி ரத்தம் ஆக்கினேன். மாமா எட்டிப் பார்த்து, "ஏமி இதி?" என்ன இது என்று கேமராக்காரியிடம் தெலுங்கில் கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் என் தொப்பியை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மதியம் வரைக்கும் அவன் ஓடினான். நான் "இன்னும் பயம் வேணும், இன்னும் பயம்" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

"ஏலே, எதுக்குப் பயப்படணும்னு சொல்லுலே. பயந்துட்டுப் போறேன்," என்றான்.

"உள்ளுக்குள்ள இருந்து வரணும்."

"உள்ளுக்குள்ள இருந்து பசிதான் வருது."

கட்டைப் பிரித்தால் மறுபடி சுற்ற வேண்டும். அதனால் அப்படியே அவனை என் வண்டியில் பின்னால் உட்கார வைத்துப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் கலை மக்களைச் சென்று சேர்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு டவுன் பஸ் ஜன்னலில் வன்னியம்பட்டி ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். நண்பனின் கால்சட்டையையும் உட்கார்ந்திருந்த தோரணையையும் வைத்தே அடையாளம் கண்டுபிடித்து அவன் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். "உன் மவனுக்குத் தலை பூரா கட்டு. ரத்தமா வருது. எவனோ தொப்பி போட்டவன் வண்டியில வச்சுத் தூக்கிட்டுப் போறான்." அந்த அம்மா மகனுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருக்கிறது என்று வந்தது. எனக்குப் போட்டார், அதுவும் அதேதான்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் சாப்பிட்டுத் திரும்பி வந்து கடைசி ஓட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தோம். கேமரா ஓடுகிறது. நண்பன் துணிகளுக்கு நடுவில் ஓடி வருகிறான். அவனுக்குப் பின்னால் இன்னொரு உருவம் துணியை விலக்கி விலக்கி வந்தது. யாரோ வேலைக்காரம்மா என்று நினைத்து "கட்" சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குரல் வந்துவிட்டது.

"எய்யா... எங்கய்யா இருக்க? எய்யா!"

அவன் அம்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒவ்வொரு கட்டிலாகத் தேடிவிட்டு, காலையில் மகன் பேண்டேஜ் கம்பெனி என்று சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்து, அங்கிருந்து ஓடி வந்திருக்கிறார். ஒரு துணி முகத்தில் சுற்றிக்கொண்டது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வந்து மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரல் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தார்.

"அம்மா, ரோஸ் சிரப்பும்மா," என்றான் அவன் துணிக்குள்ளிருந்து.

விட்டார் ஒரு அறை. அடுத்த நொடி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சத்தமே வராமல் அழுதார். வேலை செய்கிற பெண்கள் ஓடிவந்து தண்ணி கொடுத்தார்கள்.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையே பொய்யாகிவிடும். நான் அந்த அம்மாவிடம் போகவில்லை. திரும்பி, கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் போட்டுப் பார்த்தோம். நாற்பது பக்கத்தில் இல்லாத பயம் அந்த நாற்பது விநாடியில் இருந்தது. "இதுதான் படம்," என்றேன். கேமராக்காரி கேமராவிலிருந்து கார்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். நண்பன் மட்டும், "எங்கிட்ட கேக்காத. அம்மாகிட்ட கேளு," என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நண்பன் வீட்டார் சர்ச்சில் ஆராதனை முடிந்து வீடு திரும்பிய பிறகு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வன்னியம்பட்டிக்கு நானும் கேமராக்காரியும் போனோம். கலை, உண்மை, தாய்மை என்று பஸ்ஸில் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். அதற்கு அவசியமே வரவில்லை. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு மெதுவாக, "நைட்டியோடயா போனேன்?" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் அதைக் கவனிக்கவே இல்லை. நைட்டிக்கு மேலே ஒரு துண்டு. தலை அவிழ்ந்து கிடந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"பஸ்ஸுல, ஆஸ்பத்திரியில, எல்லா இடத்துக்கும் இப்படியேவா போயிருக்கேன்?" என்று மகனைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் என்னிடம் திரும்பினார். "தம்பி, இத அழிச்சிருங்க. அம்மா நல்லா சேலை கட்டிக்கிட்டு வாரேன். மறுபடி எடுங்க. எம்புட்டு நேரம் ஆனாலும் இருந்து நடிச்சுத் தாரேன்."

"அம்மா, இதுல இருக்கிற உண்மை..." என்று ஆரம்பித்தேன்.

"அழிச்சிருங்க."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். பெரிய தியாகம் செய்கிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, பொத்தானை மிக மெதுவாக அழுத்தினேன். அவர் எங்களுக்குக் கறிக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், கேமராக்காரியின் காதருகில் கேட்டேன்: "உன் கார்டுல ஒரு காப்பி இருக்கும்ல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. "அன்னைக்கு ராத்திரியே அழிச்சுட்டேன்," என்றாள். "நீ அவங்ககிட்ட கேப்பியான்னு பாக்கத்தான் சும்மா இருந்தேன்." ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சொன்ன நாளில் அந்த அம்மா வந்தார். கிறிஸ்மஸுக்கு எடுத்த அரக்குப் பட்டுச்சேலை, படிய வாரிய கொண்டை, முகத்தில் பவுடர். காயப்போட்ட துணி அழுக்காகிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் விலக்கி, பந்தியில் இடம் தேடுகிறவர்போல நிதானமாக நடந்து வந்தார். மகனை அடைந்ததும் கேமராவைப் பார்த்து, "என் அருமை மகனே, உனக்கு என்ன நேர்ந்தது?" என்றார். சொல்லி முடித்துச் சிரித்தார். பதினோரு தடவை எடுத்தோம். பதினோரு தடவையும் சிரித்தார். கட்டுக்குள்ளே நண்பன் குலுங்குவது எல்லாவற்றிலும் பதிவாகியிருந்தது. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார். முடிந்ததும் அந்த அம்மா எங்கள் எல்லாருக்கும் ஒரு பெரிய டப்பாவில் கொண்டு வந்திருந்த முறுக்கைக் கொடுத்தார்.

ஒன்பதாவது டேக்கைத்தான் வைத்தோம். அதில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

வகுப்பில் போட்டார்கள். அரக்குப் பட்டு வெள்ளைத் துணியிலிருந்து வெளிவந்த இடத்தில் மொத்த வகுப்பும் சிரித்தது. விளக்கைப் போட்டதும் சார் என்னைப் பார்த்தார். "நூறு வருஷம் கழிச்சு, விஷ வெயில்ல, ஆய்வுக்கூடத்துக்கு வெளிய ஒருத்தங்க பட்டுச்சேலை கட்டிட்டு வருவாங்களாப்பா?"

தபாலைப் பற்றிக் கேட்டிருந்தால் மூன்று பக்கத்துக்குப் பதில் சொல்லியிருப்பேன். எழுந்து நின்றேன். "வருவாங்க சார்," என்றேன். அவர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். தேறினோம், அவ்வளவுதான். தொப்பியை அன்றைக்கே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மத்தியானம் அந்த அம்மா போன் செய்தார். "சார் என்ன சொன்னாரு தம்பி?"

"உங்க சேலையைப் பத்தித்தாம்மா ஒரு கேள்வி கேட்டாரு."

"அப்படியா!" குரலில் அத்தனை சந்தோஷம். "எந்தக் கடைன்னு கேட்டாரா?"