ஹரீஷ்குமார் எழுதிய சதுரங்கப் பலகை

ஹரீஷ்குமாருக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடுவும். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்குப் போய் இணையதளங்களுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவர், நாற்பது வயதுக்குள் வேலையை விட்டார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டுக் கேட்டு மறுபடி எழுதப் பழகினார். மனைவி ரேவதி சிப்காட் தொழிற்பேட்டையில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் சதுரங்க மன்றத்துச் செயலாளர் அசோக்குமார் வந்தார். இருவரும் பழைய நண்பர்கள். கிருஷ்ணகிரியில் நடக்கப்போகும் போட்டியை வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி மன்றத்தின் இணையப் பக்கத்தில் ஒரு பலகை வேண்டும் என்றார்.

ஆட்டம் எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதை ஒரே வரியில் குறித்துவிடலாம். காய்க்கு ஓர் எழுத்து, காலி இடத்துக்கு எண். அந்த வரியைப் பிரித்து, அறுபத்துநான்கு கட்டங்களாக அடுக்கி, நிறம் பூச பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதினார் ஹரீஷ்குமார். மென்பொருள் ஒவ்வொரு காயையும் சரியான இடத்தில் வாசித்தது. நிறத்தை அது வாசிக்காது.

இணைப்பை அனுப்பியதும் அசோக்குமார் போன் செய்தார். "சூப்பரா இருக்குது ஹரீஷ். அப்படியே போட்டுடலாம்."

சாயங்காலம் ரேவதி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"ஏங்க, இது செஸ் போர்டா? மேலிருந்து கீழ வரைக்கும் கோடு கோடா இருக்குதே. கோடு போட்ட சட்டையாட்டம்."

ஹரீஷ்குமார் எழுதியதைத் திறந்து மறுபடி வாசிக்கக் கேட்டார். தவறு உடனே புரிந்துவிட்டது. கட்டங்களை வரிசையாக எண்ணி, ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் கறுப்பு பூசச் சொல்லியிருந்தார். ஒரு வரிசைக்கு எட்டுக் கட்டம். எட்டு இரட்டை எண். அதனால் ஒவ்வொரு வரிசையும் ஒரே நிறத்தில் தொடங்கியிருக்கிறது. வரிசை எண்ணையும் அந்த வரிசையில் கட்டத்தின் எண்ணையும் கூட்டி, வருவது ஒற்றைப்படையானால் கறுப்பு என்று மாற்றினார்.

"இப்ப?"

"இப்ப சரியா இருக்குது."

பிறகு அசோக்குமாரைக் கூப்பிட்டார்.

"கோடு கோடா இருந்துச்சாமே. உனக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுது. இவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சிருக்க, மனசு சங்கடப்படுவியேன்னு..."

"ஜனங்க பார்த்துச் சிரிச்சிருந்தா? பார்த்ததைச் சொல்லு அசோக். அதைச் சரிபண்றது என் வேலை."

அசோக்குமார் மறுநாள் காலையிலேயே குறை சொல்லத் தொடங்கினார். கறுப்புக் கட்டத்தில் கறுப்புக் காய் தெரியவில்லை, போனில் பலகை பாதி வெட்டுப்படுகிறது, ராஜாவும் ராணியும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். சிலவற்றை ஹரீஷ்குமார் மாற்றினார். சிலவற்றுக்குச் சண்டை பிடித்தார். இருவரும் இவ்வளவு பேசி வருடக்கணக்காகியிருந்தது.

போட்டியன்று பலகை ஒழுங்காக ஓடியது. பேரிகையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் பார்த்தார்கள். ஹரீஷ்குமார் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்த்தலையும் காதால் பின்தொடர்ந்தார். அடுத்த மாதம் சேலத்து மன்றம் ஒன்றும் தங்களுக்கு ஒரு பலகை கேட்டது. ஹரீஷ்குமார், முதலில் அசோக்குமாரிடம் காட்டிவிட்டுத் தருவதாகப் பதில் சொன்னார்.